‘நீ அழகாத்தான் இருக்கே’ என்ற ஆறுதல் வேண்டாம்

ஒரு பெண் தன் போட்டோவைப் போடுகிறாள். கீழே நாலு பேர் வந்து அவள் மூக்கையோ நிறத்தையோ எடையையோ பிடித்துக்கொண்டு கேலி செய்கிறார்கள். உடனே அவளுடைய ஆட்கள் பத்துப் பேர் வந்து "நீ தேவதைடி", "கண்டுக்காதே, சூப்பரா இருக்கே" என்று வரிசையாக எழுதிவிட்டுப் போகிறார்கள். இதைப் பார்க்காத ஆளே இணையத்தில் இருக்க முடியாது. கேலி செய்தவர்கள் மேல் எல்லோருக்கும் கோபம் வரும். எனக்கு அந்த ஆறுதல் மேலும் ஒரு வருத்தம் உண்டு, ரொம்ப நாளாகவே உண்டு, அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

ஆறுதல் சொல்பவர்களுக்கு நல்ல மனசு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கேலி செய்தவன் கிளப்பிய கேள்வி என்ன? இவள் பார்க்க நன்றாக இருக்கிறாளா என்பது. அவன் இல்லை என்கிறான், ஆறுதல் சொல்பவர் ஆமாம் என்கிறார், இரண்டு பேரும் பதில் சொல்வது அதே கேள்விக்குத்தான். இதைக் கேட்க உனக்கு யார் உரிமை கொடுத்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. நடுவில் நிற்கிற பெண்ணுக்கோ பையனுக்கோ, தன் முகம் நாலு பேர் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிற விஷயம் ஆகிவிட்டது என்பது மட்டும் நன்றாகப் புரிந்துவிடும். அடுத்த தடவை போட்டோ போடும்போது மனசு அந்த ஓட்டை எண்ணத் தொடங்கிவிடும். இந்த முறை ஆமாம் அதிகமா, இல்லை அதிகமா?

எனக்குப் பல் கொஞ்சம் எடுப்பு. வாய்விட்டுச் சிரித்தால் மேல் ஈறு முழுக்கத் தெரியும். பள்ளியில் இதைச் சொல்லிக் கேலி செய்தவர்கள் உண்டு, ஆனால் சாயங்காலம் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவோம், அதோடு அன்றைய பாடு முடிந்தது. கல்லூரியில் நடந்தது வேறு. ஒரு குரூப் போட்டோவில் யாரோ சொன்ன எதற்கோ நான் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் ஒருவன் அதிலிருந்து என் முகத்தை மட்டும் வெட்டி, ஸ்டிக்கராக்கி, வகுப்பு குரூப்பில் போட்டான். சிரிப்பு எமோஜிகள் குவிந்தன. நானும் ஒன்று போட்டேன். வேறு என்ன செய்ய முடியும்? கோபப்பட்டால் "ஒரு ஜோக்கைக்கூட எடுத்துக்கத் தெரியலை" என்ற பேரும் சேர்ந்து வரும்.

அதற்கப்புறம் பரீட்சை தள்ளிப்போனாலும் அந்த ஸ்டிக்கர், யாருக்காவது பிறந்தநாள் என்றாலும் அந்த ஸ்டிக்கர். அது எங்கள் வகுப்பைத் தாண்டிப் போய்விட்டது என்பதே எனக்குத் தெரியாது. ஒரு நாள் வேறு துறையில் படிக்கிற ஒரு பெண், நான்தான் அது என்று தெரியாமலே, எனக்கே அதை அனுப்பினாள். ஏதோ சந்தோஷமான செய்தி சொல்லிவிட்டு, கூடவே என் முகம். அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவளைப் பொறுத்தவரை அது ஒரு மனுஷியின் முகமே இல்லை, சிரிப்பைக் காட்டும் ஒரு படம், அவ்வளவுதான். நேரில் செய்யும் கேலிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. நேரில் கேலி செய்பவன் என் முகம் சுருங்குவதைப் பார்த்தாக வேண்டும், கொஞ்சமாவது ஈரம் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவான். திரைக்குப் பின்னால் அந்தத் தடை கிடையாது. ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் விளக்குகிறார்: பெயர் தெரியாது, ஆளைப் பார்க்கவேண்டியதில்லை, எதிராளி உடனே அதே இடத்தில் பதில் சொல்லப்போவதில்லை, இதெல்லாம் சேரும்போது நேரில் ஒருபோதும் சொல்லத் துணியாததை மனிதர்கள் இணையத்தில் சொல்லிவிடுகிறார்கள். அவர் எழுதிய காலத்தில் இப்போது கையில் இருக்கும் போனும் ஆப்பும் இல்லை. இருந்தாலும் ஒவ்வொரு வரியும் இன்றைக்குப் பொருந்துகிறது.

இணையக் கேலி என்றதும் முகம் தெரியாத ட்ரோல் கணக்குகள்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அவை உண்டுதான். ஆனால் இளவயதுக்காரர்களிடம் கொஞ்சம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள், ஆழமாகக் குத்தியது தெரிந்தவர் சொன்னதாகத்தான் இருக்கும். கூடப் படித்தவர், முன்னாள் காதலர், உறவுக்கார அண்ணன், அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர். தெரியாத ஒருவன் அசிங்கம் என்று எழுதினால் ‘யாரோ கிறுக்கன்’ என்று தள்ளிவிட முடிகிறது. தினமும் பார்க்கிற ஆள் ஒரு சிரிப்பு எமோஜியோடு சொல்லும்போது, ஓஹோ, எல்லோரும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், இவன் வாய்விட்டுச் சொல்லிவிட்டான் என்று தோன்றுகிறது. அந்த ‘எல்லோரும்’தான் ஆளைக் கொல்வது.

ஸ்டிக்கர் வந்த பிறகு நான் சிரிக்கும்போது கையால் வாயை மூட ஆரம்பித்தேன். யோசித்துச் செய்ததில்லை, கை தானாகப் போயிற்று. போட்டோ எடுக்கும்போது உதட்டைச் சேர்த்து வைத்துக்கொள்வேன். வகுப்பில் யாராவது என் பக்கம் திரும்பிச் சிரித்தால் என் பல்லைப் பற்றித்தான் என்று முடிவு கட்டிவிடுவேன். அமெரிக்காவில் ராபர்ட் க்ளெக், ஆஞ்சலோ ஸ்ட்ரென்டா என்ற இரண்டு பேர் 1980இல் வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கிறது, அதைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கலந்துகொண்டவர்களின் முகத்தில் ஒப்பனையால் ஒரு தழும்பு போட்டு, கண்ணாடியில் காட்டுகிறார்கள். அப்புறம் தழும்பு காய்ந்து உரியாமல் இருக்க ஏதோ தடவுவதாகச் சொல்லி, அவர்களுக்கே தெரியாமல் அதைத் துடைத்து எடுத்துவிடுகிறார்கள். இப்போது முகத்தில் ஒன்றுமே இல்லை. ஆனால் வேறொருவரோடு பேசிவிட்டு வந்தவர்கள், எதிரில் இருந்தவர் தன் தழும்பையே பார்த்தார், அதனால் சங்கடப்பட்டார் என்று உறுதியாகச் சொன்னார்கள். உருவத்தைச் சொல்லிக் கேலி செய்தால் உள்ளே நடப்பது இதுதான். சொன்னவன் மறந்துவிடுவான், பதிவை நீக்கியும் விடலாம், கேட்டவர் அதற்கப்புறம் சந்திக்கிற ஒவ்வொரு பார்வையிலும் அதையே வாசித்துக்கொண்டிருப்பார்.

பார்பரா ஃப்ரெட்ரிக்சன், டோமி ஆன் ராபர்ட்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1997இல் இதற்கு ஒரு கோட்பாடே எழுதினார்கள், முக்கியமாகப் பெண்களை வைத்து. பிறர் தன் உடம்பை ஒரு பொருளாகப் பார்க்கிறார்கள் என்பதைத் திரும்பத் திரும்ப அனுபவிக்கிறவர், ஒரு கட்டத்தில் தானும் வெளியிலிருந்து தன் உடம்பைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். பேசும்போது பேச்சில் பாதி மனசு, தான் பேசுவது எப்படித் தெரிகிறது என்பதில் பாதி மனசு. நடக்கும்போதும் அப்படித்தான், சாப்பிடும்போதும் அப்படித்தான். படிப்பிலும் வேலையிலும் போகவேண்டிய கவனம் இந்தக் காவலுக்குப் போகிறது. இந்த நஷ்டத்தை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. ஒரு செமினாரில் கேள்வி கேட்கவேண்டும் என்று நினைத்து, எழுந்து பேசினால் எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்களே என்று உட்கார்ந்துவிட்டவர்கள் எத்தனை பேர்!

சரி, அந்தக் ‘குறை’யைச் சரிசெய்துவிட்டால் கேலி நிற்குமா? நிற்காது. எம் ஃபோர்ட் என்ற பிரிட்டிஷ் பெண் ஒப்பனை பற்றி எழுதிக்கொண்டிருந்தவர், முகத்தில் பருக்கள் உண்டு. ஒப்பனை இல்லாத தன் முகத்தைப் போட்டோ எடுத்துப் போட ஆரம்பித்தார். வந்த கமென்ட்டுகளையெல்லாம் சேர்த்து 2015இல் ஒரு வீடியோ வெளியிட்டார், கோடிக்கணக்கில் பார்க்கப்பட்ட வீடியோ. பருவோடு இருக்கும் முகத்துக்கு அருவருப்பு, முகம் கழுவமாட்டாயா என்று கமென்ட்டுகள். ஒப்பனை போட்டு மறைத்த முகத்துக்கோ, ஏமாற்றுக்காரி என்ற ரகத்தில் கமென்ட்டுகள். அதே பெண், அதே முகம். ஜெஸி நெல்சன் என்ற பாடகி 2011இல் தன் குழுவோடு பிரிட்டனின் பெரிய பாட்டுப் போட்டியில் ஜெயித்தார். ஜெயித்த கையோடு இணையத்தைத் திறந்து பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது, யாரோ ஒரு ஆள் அவர் அழகில்லை என்று எழுதியிருந்த செய்தி. பல வருடம் அந்தப் பேச்சுகளின் நிழலில் வாழ்ந்து, உயிரை விடும் எல்லை வரை போய் மீண்டு, 2019இல் அதை வெளிப்படையாகப் பேசினார், அடுத்த வருடம் மனநலத்தைக் காரணம் சொல்லிக் குழுவைவிட்டு விலகினார். இடையில் அவர் மெலிந்துதான் பார்த்தார். மெலிந்ததால் எதுவும் தீர்ந்துவிடவில்லை.

ஒல்லியாக இருந்தால் எலும்புக்கூடு, பூசினாற்போல் இருந்தால் பூசணிக்காய். நடுவில் இருந்தால் தட்டை, குட்டை, நெட்டை, ஏதோ ஒன்று கிடைத்துவிடும். கேலி செய்பவனுக்குத் தேவை கைக்கு அகப்படுகிற ஒரு பிடி, அது எந்த உடம்பிலும் உண்டு. அதனால்தான் உடம்பைத் திருத்திக் கேலியைத் தீர்க்கலாம் என்ற கணக்கு எப்போதும் பொய்த்துப்போகிறது.

இன்னொரு வகை உண்டு, எனக்கு அதிகமாகக் கோபம் வருவது அதன் மேல்தான். "கேலி இல்லைங்க, உடம்பு மேல அக்கறையில சொன்னேன்." எடை கூடியவர்களின் போட்டோவுக்குக் கீழே தவறாமல் வந்து உட்காருகிற வரி இது. அக்கறை உள்ளவர் ஊரைக் கூட்டி வைத்துச் சொல்லமாட்டார் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இப்படிச் சொல்வதால் ஒருவர் மெலிகிறாரா? ஆஞ்சலினா சூட்டின், அன்டோனியோ டெராச்சியானோ என்ற ஆய்வாளர்கள் 2013இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களை வைத்து ஒரு முடிவு வெளியிட்டார்கள். தொடக்கத்தில் உடல்பருமன் இல்லாதிருந்தவர்களில், எடைக்காகப் பாரபட்சத்தை அனுபவித்தவர்கள் நாலு வருடம் கழித்து உடல்பருமனுக்குப் போயிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அதில் இருந்தவர்கள் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். வாழ்க்கையில் நிறையப் பார்த்துவிட்ட வயதிலேயே இவ்வளவு என்றால், தான் யார் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிற இருபது வயதில் எப்படி இருக்கும்? அவமானப்பட்டவர் ஓடப் போவதில்லை, நீந்தப் போவதில்லை. அங்கேயும் நாலு பேர் பார்ப்பார்கள் என்று அறைக்குள் இருந்துவிடுவார். மனசு சரியில்லாதபோது சாப்பாடுதான் துணை.

இந்த அளவுகோல் எல்லாம் பிறக்கும்போதே நமக்குள் இருப்பது என்று நினைப்பவர்களுக்கு ஃபிஜி தீவின் கதையைச் சொல்லவேண்டும். அங்கே நல்ல கட்டான, சதைப்பற்றுள்ள உடம்புதான் காலங்காலமாக மெச்சப்பட்டது. ஒருவர் மெலிந்தால் என்ன ஆச்சோ என்று கவலைப்படுவார்கள். 1995இல் அங்கே ஒரு பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற மருத்துவர் அது வந்த சில வாரங்களிலும், பிறகு மூன்று வருடம் கழித்து 1998இலும் அங்குள்ள பள்ளி மாணவிகளிடம் விசாரித்தார். முதல் தடவை, எடையைக் குறைக்க வலிந்து வாந்தி எடுத்ததாகச் சொன்ன ஒரு பெண்கூட இல்லை. 1998இல் 11.3 சதவீதம் பேர். தான் ரொம்பக் குண்டு என்று சில சமயமாவது தோன்றுவதாகச் சொன்னவர்கள் 74 சதவீதம். மூன்றே வருடம். அதுவும் சின்னத்திரையில் வெளிநாட்டு நடிகைகளைப் பார்த்ததோடு சரி, யாரும் அந்தப் பெண்களின் போட்டோவுக்குக் கீழே கமென்ட் எழுதவில்லை.

இப்போது நாம் ஒப்பிட்டுக்கொள்வது எட்டாத இடத்தில் இருக்கிற நடிகையோடு இல்லை. மனிதர்கள் தங்களைத் தங்களுக்கு நிகரானவர்களோடு ஒப்பிட்டுத்தான் அளந்துகொள்கிறார்கள் என்று லியான் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954இலேயே எழுதினார். நடிகையின் தோல் பளபளத்தால் அது அவர் தொழில் என்று விட்டுவிடலாம். கூடப் படிக்கிறவளின் தோல் பளபளத்தால் விட முடிவதில்லை, ஏனென்றால் அவளும் நம்மைப் போலத்தானே. அவள் போட்டது ஃபில்டர் வழியாக வந்த முகம் என்று அறிவுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. 2018 வாக்கில் அழகு அறுவை சிகிச்சை மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்து எழுதினார்கள்: முன்பு ஒரு நடிகரின் போட்டோவைக் கொண்டுவந்து இப்படி மாற்றுங்கள் என்று கேட்டவர்கள், இப்போது ஃபில்டர் போட்ட தங்கள் சொந்த முகத்தையே கொண்டுவந்து காட்டுகிறார்கள். இல்லாத தன்னோடு தன்னை ஒப்பிட்டு நொந்துபோகிற நிலை.

செல்ஃபியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் என் மூக்கு ஏன் இப்படி என்று அழுத ஒருத்தியிடம் இதைச் சொன்னபோது அவளுக்குக் கொஞ்சமாவது மூச்சு வந்தது. முகத்திலிருந்து ஓரடி தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கின் அடிப்பகுதி, ஐந்தடி தள்ளி நின்று எடுத்த போட்டோவைவிட ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று போரிஸ் பாஸ்கோவர் என்ற அறுவை சிகிச்சை மருத்துவரும் அவர் குழுவும் 2018இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். லென்ஸுக்கு அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான் விஷயம். அதை வைத்துக்கொண்டு ஒருவன் கேலி செய்கிறான், ஒருத்தி கத்திக்குப் போகத் தயாராகிறாள்.

நிறுவனங்களுக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். ஃபேஸ்புக்கில் வேலை பார்த்த ஃபிரான்சஸ் ஹாகன் 2021இல் வெளிக்கொண்டுவந்த உள் ஆவணங்களில் அவர்கள் தாங்களே செய்த ஆய்வு இருந்தது. தங்கள் உடம்பைப் பற்றி மோசமாக உணரும் பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அந்த உணர்வை இன்னும் மோசமாக்கியது என்று சொல்லியிருந்தார்கள். அரசுகளும் ஏதோ செய்து பார்க்கின்றன. நார்வேயில் 2022 ஜூலையிலிருந்து, உடம்பின் வடிவத்தையோ தோலையோ திருத்திய விளம்பரப் படத்தில் அதைக் குறிப்பிட்டாக வேண்டும், காசு வாங்கிப் பதிவு போடுகிறவர்களுக்கும் அது பொருந்தும். நல்ல சட்டம்தான். ஆனால் ‘இது திருத்தப்பட்ட படம்’ என்று எழுதி வைத்துக் காட்டினாலும் பார்ப்பவர்களுக்குத் தங்கள் உடம்பின் மேல் வரும் அதிருப்தி பெரிதாகக் குறைவதில்லை என்றுதான் மரிகா டிக்மன் போன்ற உளவியலாளர்களின் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஒப்பிடுவது நொடியில் நடந்து முடிந்துவிடுகிறது, எழுத்தைப் படிப்பது அதற்கு அப்புறம்தான்.

என் ஸ்டிக்கர் எப்படி நின்றது என்று சொல்கிறேன். வகுப்பில் ஒரு பெண், எனக்கு அவ்வளவு நெருக்கம்கூட இல்லை, ஒரு நாள் அது மறுபடி வந்து விழுந்ததும் குரூப்பிலேயே எழுதினாள்: "இந்த ஸ்டிக்கரை இனிமே யாரும் போடாதீங்க. நல்லா இல்லை." அவ்வளவுதான். சண்டை இல்லை, நீளமான உபதேசம் இல்லை. கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசவில்லை. அப்புறம் ஒருவன் "சும்மா ஜாலிக்குத்தானே" என்றான், அவள் "அவளுக்கு ஜாலியா இல்லை" என்றாள். இன்னும் இரண்டு பேர் ஆமாம் என்று சேர்ந்துகொண்டார்கள். அதற்கப்புறம் ஓரிரு தடவை வந்தது, பிறகு நின்றுவிட்டது. அவள் என் பல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். என் சிரிப்பு அழகு என்று சொல்லவில்லை, பல் எடுப்பாக இருப்பதும் ஒரு அழகு என்று சொல்லவில்லை. பேச்சை என் முகத்திலிருந்து எடுத்து, அவர்கள் செய்கிற காரியத்தின் மேல் வைத்தாள். எனக்கு அன்றைக்குக் கிடைத்த நிம்மதியை அதுவரை வந்த எந்தப் பாராட்டும் கொடுத்ததில்லை.

அதனால்தான் சொல்கிறேன், உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு இப்படி நடப்பதைப் பார்த்தால் அவர் அழகுக்குச் சான்றிதழ் கொடுக்கப் போகாதீர்கள். பொதுவில் ஒரே வரி, "இப்படிப் பேசாதே." அவரிடம் தனியாக, "நான் பார்த்தேன். அவங்க செஞ்சது தப்பு. நான் என்ன செய்யட்டும், ரிப்போர்ட் பண்ணவா, சும்மா பேசிட்டிருக்கவா?" இவ்வளவு போதும். பொதுவில் சொல்லத் துணிவில்லை என்றால் தனிச் செய்தியாவது அனுப்புங்கள். பார்த்துவிட்டுப் பேசாமல் போகிற ஐம்பது பேரும் கேலி செய்தவனோடு சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் அடிபட்டவர் எடுத்துக்கொள்வார், நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அந்த எமோஜியைப் போடாமல் இருப்பதும் ஒரு உதவிதான், ரொம்பச் சின்ன உதவி என்றாலும்.

அடிபட்டவருக்கு: பதில் எழுதுவதற்கு முன்னால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், தேதியும் கணக்கின் பெயரும் தெரிகிற மாதிரி. கோபத்தில் முதலில் பிளாக் செய்துவிட்டால் அப்புறம் ஆதாரம் தேட முடியாது. தெரிந்த ஆள், பிளாக் செய்தால் வேறு பிரச்சினை வரும் என்றால், இன்ஸ்டாகிராமில் ‘ரெஸ்ட்ரிக்ட்’ என்று ஒன்று இருக்கிறது, அவர் எழுதும் கமென்ட் நீங்கள் அனுமதிக்காதவரை மற்றவர்களுக்குத் தெரியாது, இப்படி மறைத்திருப்பதும் அவருக்குத் தெரியவராது. குறிப்பிட்ட வார்த்தைகள் இருக்கும் கமென்ட்டுகளை மறைக்கவும் வசதி உண்டு. உங்களைக் குத்துகிற வார்த்தைகளை, அவற்றை எழுத்துப்பிழையோடு எழுதும் வடிவங்களையும் சேர்த்து, அந்தப் பட்டியலில் போட்டு வையுங்கள். கமென்ட்டுகளை நீங்களே உட்கார்ந்து படிக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் போனைக் கொடுத்து ஆதாரம் எடுத்து, ரிப்போர்ட் செய்து, நீக்கச் சொல்லுங்கள். வேலை நிமித்தம் நாள் முழுக்க வீடியோ அழைப்பில் இருப்பவர்கள், உங்கள் முகம் உங்களுக்கே தெரிகிற அந்தச் சின்னக் கட்டத்தை மறைத்துவிடுங்கள். இது எனக்கு எவ்வளவு உதவியது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பேசுகிறவர் முகத்தைப் பார்க்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது அன்றோடு நின்றது.

போனில் செலவிடும் நேரத்தைக் குறைப்பதும் உண்மையிலேயே பலன் தருகிறது. கனடாவில் 17 முதல் 25 வயதுக்குட்பட்ட, மனச்சோர்வோ பதற்றமோ இருந்த 220 பேரை வைத்துச் செய்த ஒரு சோதனை 2023இல் வெளியானது. ஒரு பாதிப் பேரை சமூக ஊடகத்தை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், மூன்று வாரம். மற்றவர்கள் வழக்கம்போல. குறைத்தவர்களுக்குத் தங்கள் தோற்றத்தைப் பற்றியும் எடையைப் பற்றியும் இருந்த எண்ணம் கண்கூடாக மேம்பட்டது. முழுக்க விட்டுவிடச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இதில் பிடித்தது. நண்பர்கள் எல்லோரும் அங்கே இருக்கும்போது அடிபட்டவர் மட்டும் வெளியேற வேண்டும் என்றால் அது அவருக்கு இன்னொரு தண்டனை.

கடைசியாக, பையன்கள். இந்தப் பேச்சு எப்போதும் பெண்களைப் பற்றியே போய்விடுகிறது, நானும் இவ்வளவு நேரம் அப்படியே எழுதியிருக்கிறேன். என் சித்தி மகனுக்கு இருபத்தோரு வயது, உச்சந்தலையில் முடி கொட்டத் தொடங்கிவிட்டது. அவன் கல்லூரியில் பெயர் சொல்லாமல் எதை வேண்டுமானாலும் எழுதிப் போடுகிற ஒரு பக்கம் இருக்கிறது. யாரோ வகுப்பில் பின்னாலிருந்து அவன் தலையை எடுத்து அதில் போட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் வீட்டுக்குள்ளும் தொப்பியோடு இருந்தான், வகுப்புக்குப் போவது குறைந்தது, போன் கேமராவில் உச்சந்தலையைப் பார்ப்பதும் அழிப்பதும் மறுபடி எடுப்பதுமாக ராத்திரி போயிற்று. வீட்டில் எல்லோரும் "ஆம்பளைப் பையன், இதுக்கெல்லாமா" என்றார்கள். அவனும் சிரித்துக்கொண்டு ஆமாம் என்றான். என்னிடம் ஒரு நாள் மட்டும், "அக்கா, யாரோட பேசினாலும் அவங்க கண்ணு எங்கே போகுதுன்னுதான் பாக்குறேன்" என்றான்.

பிறருக்குக் கண்ணிலேயே படாத அல்லது சின்னதாகத் தெரிகிற ஒன்றைப் பற்றியே ஒரு நாளில் பல மணி நேரம் நினைப்பதும், திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதும், அதனால் படிப்பையும் வேலையையும் விடுவதும் ஒரு நோயாக இருக்கலாம். 1891இலேயே என்ரிகோ மொர்செல்லி என்ற இத்தாலிய மருத்துவர் இதை விவரித்து எழுதியிருக்கிறார். நூறில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு இருக்கிறது, பெரும்பாலும் பதின்வயதில் தொடங்குகிறது, ஆண்களுக்கும் ஏறக்குறைய அதே அளவில் வருகிறது. சிந்தனையையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் உளவியல் சிகிச்சை நன்றாக உதவுகிறது, தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. அழகு சிகிச்சை செய்துகொண்டால் பெரும்பாலும் தீருவதில்லை, கவலை வேறு இடத்துக்கு நகர்ந்துவிடும். சாகவேண்டும் என்ற எண்ணம் ஒரு தடவை தலைகாட்டினாலும் அதைக் காத்திருந்து பார்க்காதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடமோ உதவி எண்ணிலோ பேசுங்கள். வேறொருவர் உங்களிடம் அப்படிச் சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள்.

தம்பிக்கு அந்த நோய்தான் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு உளவியல் ஆலோசகரிடம் போகிறான். முதல் முறை நான் கூடப் போனேன், இப்போது தனியாகப் போகிறான். தலையைப் படம் எடுப்பதை ஒரு நாளைக்கு ஒரு முறை என்று குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள், சில நாள் முடிகிறது, சில நாள் முடியவில்லை. வகுப்புக்கு மறுபடி போகத் தொடங்கியிருக்கிறான். அவன் நண்பன் ஒருவன் அந்தப் பக்கத்தை நடத்துகிறவர்களுக்கு நேரடியாக எழுதி, அந்தப் படத்தை எடுக்க வைத்தான். அதே பக்கத்தில் வேறு பையன்கள், பெண்களின் படங்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றையும் இருவரும் சேர்ந்து ரிப்போர்ட் செய்துகொண்டிருக்கிறார்கள்.